அடைப்பு மீன்குஞ்சுக்கு, மீனவருக்கு அல்ல

தெலங்கானாவின் ஏரிகள் பருவமழையில் நிறையும்போது ஆண்டுதோறும் ஒரு சடங்கு நிறைவேறுகிறது. ஆக்சிஜன் நிரப்பிய நெகிழிப் பைகளில் மீன்குஞ்சுகள் லாரிகளில் வந்திறங்குகின்றன. அமைச்சரோ சட்டமன்ற உறுப்பினரோ கரையில் நின்று ஒரு பையை அவிழ்த்து நீரில் விடுகிறார். படம் எடுக்கப்படுகிறது, லாரிகள் திரும்பிச் செல்கின்றன. நீரில் விடப்பட்ட குஞ்சுகளில் எத்தனை பிழைத்தன என்பதை அதன்பின் எவரும் கேட்பதில்லை. பல மாதங்கள் கழித்து மீனவர்கள் வலையை இழுக்கும்போதுதான் அதற்கு விடை கிடைக்கிறது. அந்த விடை பெரும்பாலும் ஏமாற்றமாகவே இருக்கிறது.

2016-17ஆம் ஆண்டில் தெலங்கானா அரசு தொடங்கிய இலவச மீன்குஞ்சு வழங்கும் திட்டம் நோக்கத்தில் பிழையற்றது. காகதீயர் காலம் முதல் ஏரிகளால் வாழ்ந்த நாடு இது. 2015இல் தொடங்கிய மிஷன் காகதீயா திட்டத்திற்கான கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 46,000க்கும் மேற்பட்ட ஏரி, குளங்கள் உள்ளன. அவற்றில் மீன் பெருகினால் லட்சக்கணக்கான மீனவக் குடும்பங்களின் அடுப்பெரியும். உழைக்கும் மக்களுக்கு மலிவான புரதம் கிடைக்கும். எனவே அரசு தன் செலவில் மீன்குஞ்சு விடுவதை இடதுசாரிகள் வரவேற்றனர், இன்றும் வரவேற்கின்றனர். இடதுசாரிகளின் விமர்சனம் அந்தத் திட்டம் நடத்தப்படும் முறையைப் பற்றியதே.

குஞ்சின் அளவே கேள்வி

அரசின் விதிப்படி, சில மாதங்களே நீர் நிற்கும் ஏரிகளில் 35 முதல் 40 மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சுகளும், ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் நீர்நிலைகளில் 80 முதல் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சுகளும் விடப்பட வேண்டும். இந்த வேறுபாடு வெறும் எழுத்தர் வேலையன்று. விராலும் கெளுத்தியும் வாளையும் வாழும் ஏரியில் ஒன்றரை அங்குலக் கட்லாக் குஞ்சை விடுவது அந்த மீன்களுக்கு இரை போடுவதற்கு ஒப்பாகும். தெலங்கானா தன் மாநில மீனாகக் கொண்டாடும் விராலே இந்த இலவசக் குஞ்சுகளை உண்டு கொழுக்கிறது. கைவிரல் நீளத்தைத் தாண்டிய குஞ்சோ பகைவனிடமிருந்து தப்பிக்கும் வலிமை பெற்றுவிடுகிறது. நூறு குஞ்சுகளில் பத்து பிழைப்பதற்கும் நாற்பது பிழைப்பதற்கும் இடையிலான வேறுபாடு இந்த இரண்டு அங்குலத்தில்தான் அடங்கியிருக்கிறது.

நடைமுறையிலோ குஞ்சுகளை வழங்கும் பணி ஒப்பந்தப்புள்ளி மூலம் தனியாருக்கு விடப்படுகிறது. பெரும்பகுதி குஞ்சுகள் ஆந்திரத்தின் கொல்லேறு வட்டாரப் பண்ணைகளிலிருந்து பல மணி நேரம் பயணம் செய்து வருகின்றன. ஒப்பந்தம் முடிவாவது தாமதம், நிலுவைத்தொகை வழங்குவது தாமதம், ஆகவே குஞ்சு வருவதும் தாமதம். மழைக்காலத் தொடக்கத்தில் விட வேண்டிய குஞ்சு, மழை ஓய்ந்த பிறகு வருகிறது. ஆறேழு மாதங்களே நீர் நிற்கும் ஏரியில் இரண்டு மாதத் தாமதம் என்பது விளைச்சலில் பெரும்பங்கை இழப்பதாகும். அளவு குறைவு, எண்ணிக்கை குறைவு, வழியிலேயே இறந்த குஞ்சுகள் என்று மீனவர் சங்கங்கள் ஆண்டுதோறும் முறையிடுகின்றன. முறையீடுகள் கோப்புகளில் உறங்குகின்றன.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகவே வலையடைப்பு முறை முன்வைக்கப்படுகிறது. கட்சித் தோழர்கள் அதை நன்கு புரிந்துகொள்வது இன்றியமையாதது. ஏனெனில் மீனவனின் கையை வலுப்படுத்தவும் இந்த முறைக்கு ஆற்றல் உண்டு. அவனை ஏரியிலிருந்தே வெளியேற்றவும் ஆற்றல் உண்டு.

வலையடைப்பின் இயல்பு

ஏரியின் ஆழமற்ற ஓரத்தில், ஒன்று முதல் இரண்டு மீட்டர் நீர் நிற்கும் இடத்தில், மூங்கில் கழிகளை நட்டு வலையைச் சுற்றிக் கட்டுவதே வலையடைப்பு. வலையின் அடி சேற்றில் புதைக்கப்படும். மேல்விளிம்பு நீர்மட்டத்திற்கு மேலே உயர்ந்து நிற்கும். ஏரித்தரையே அடைப்பின் தரை. இதில்தான் அது மிதவைக் கூண்டிலிருந்து வேறுபடுகிறது. கூண்டு அடியிலும் வலை கொண்டது; ஆழமான நீர்த்தேக்கங்களில் மிதப்பது; முழுக்க முழுக்கத் தீவனத்தை நம்பியது. வலையடைப்பில் வளரும் மீனோ ஏரி தரும் நுண்ணுயிர் உணவையும் தரையிலுள்ள இரையையும் உண்ணும். தவிடும் பிண்ணாக்கும் துணை உணவு மட்டுமே.

கால் ஏக்கர் பரப்பில் ஓர் அடைப்பு போடலாம். முதலில் உள்ளேயுள்ள ஆகாயத்தாமரையையும் பிற களைகளையும் அகற்ற வேண்டும். பிறகு பலமுறை வலையிழுத்து விராலையும் கெளுத்தியையும் வெளியேற்ற வேண்டும். அதன்பின் நுண்மீன் குஞ்சுகளை விட்டு இரண்டு மூன்று மாதங்கள் வளர்த்தால் அவை நான்கு அங்குலத்தைத் தாண்டும். வலையைத் திறந்துவிட்டால் அவை ஏரிக்குள் பரவும். பயணத்தில் சாகாத, அந்த நீருக்கே பழகிய, தக்க அளவுள்ள குஞ்சு சங்கத்தின் கையிலேயே உருவாகிவிடுகிறது. கோடையிலும் வற்றாத ஏரியில் அடைப்பு அமைத்துக் குஞ்சுகளை நெருக்கமாக, குறைந்த உணவில் வைத்திருந்தால், முதல் மழைக்கே அக்கம்பக்கத்து ஏரிகளுக்கு அவற்றை விநியோகிக்கவும் முடியும். அவ்வாறு வளர்ச்சி கட்டுப்படுத்தப்பட்ட குஞ்சுகள் அகன்ற நீரில் விடப்பட்டதும் விரைந்து வளர்வதை ஆந்திர மீன் பண்ணையாளர்கள் நெடுங்காலமாக அறிவார்கள்.

1947இல் நிறுவப்பட்டு, மேற்கு வங்கத்தின் பாரக்பூரில் இயங்கும் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த முறையை அசாமின் 'பீல்' எனப்படும் வெள்ளச் சமவெளி ஏரிகளில் நீண்டகாலமாகச் செயல்படுத்திக் காட்டியிருக்கிறது. அசாமில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர் பரப்பில் இத்தகைய ஏரிகள் உள்ளன. அவற்றின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 100 முதல் 200 கிலோ அளவிலேயே இருந்தது. முறையாகக் குஞ்சு விட்டுப் பேணினால் 1,000 கிலோவுக்கும் மேல் கிடைக்கும் என்பது ஆராய்ச்சியாளர்களின் மதிப்பீடு. அந்த இடைவெளியை நிரப்பத் தேவைப்படுவது பெரிய இயந்திரமன்று. இறக்குமதித் தொழில்நுட்பமும் அன்று. மூங்கில், வலை, தவிடு, முறைவைத்துக் காவல் காக்கும் மனிதக் கைகள் ஆகியவையே. கூட்டு உழைப்பால் மட்டுமே நடக்கக்கூடிய வேலை இது.

ஆனால் அதே அசாமில் மற்றோர் உண்மையும் உண்டு. பீல்களில் பலவும் குத்தகைக்கு விடப்படுகின்றன. 'மகல்தார்' எனப்படும் குத்தகைதாரர் சங்கத்தின் பெயரிலோ தன் பெயரிலோ குத்தகை எடுக்க, மரபுவழி மீனவர் அவருக்குக் கூலியாகவோ பங்குக்கோ மீன் பிடிக்கும் நிலை பல இடங்களில் நீடிக்கிறது. சில ஆண்டுக் குத்தகை எடுத்தவனுக்கு ஏரியின் நாளைய நிலை பற்றிய கவலை இல்லை. விளைச்சல் இருமடங்கானால் ஏலத்தொகை மும்மடங்காகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மீன்பாசிக் குத்தகை ஏலம் நடப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று. தொழில்நுட்பம் விளைவித்த உபரியை யார் கொண்டுபோகிறார்கள் என்ற கேள்வியை அறிவியல் தீர்த்துவைக்காது. அரசியல்தான் தீர்த்துவைக்க வேண்டும்.

கொல்லேறு கற்பித்த பாடம்

அண்டையில் உள்ள சான்று கொல்லேறு. கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் கழிமுகங்களுக்கு இடையே பரந்த இந்த நன்னீர் ஏரியின் படுகையில், 1970களில் மீனவர், நிலமற்றோர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மீன் குளங்கள் அமைக்க அரசே இடம் ஒதுக்கியது. மீன்வளர்ப்பில் லாபம் இருப்பது தெரிந்ததும் பணமும் செல்வாக்கும் படைத்தோர் ஏரிக்குள் இறங்கினர். சங்கங்களின் பெயர்ப்பலகை அப்படியே இருந்தது; குளங்கள் குத்தகை என்ற பெயரிலும் பினாமி என்ற பெயரிலும் கைமாறின. கரைகளை உயர்த்தி ஏரியைத் துண்டு துண்டாக அடைத்தனர். திறந்த நீரில் வலையும் பொறியும் வைத்துப் பிழைத்தவர்கள் தங்கள் ஏரியிலேயே குளக்காவலாளிகளானார்கள். ஏரியிலிருந்து கடலுக்குச் செல்லும் உப்புட்டேறு வழியாக வெள்ளம் வடிவதும் தடைப்பட்டது. மேலேயிருந்த வயல்களும் ஊர்களும் மூழ்கின.

1999இல் கடல்மட்டத்திற்கு மேல் ஐந்தடிக் கோடு வரையிலான 308 சதுர கிலோமீட்டர் பரப்பு பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் அது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் உச்சநீதிமன்றத்தின் ஆணையையொட்டிக் குளக்கரைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கொள்ளை லாபம் ஈட்டியவர்கள் வேறு ஊர்களில் குளம் வெட்டிக்கொண்டனர். கடன் வாங்கிச் சிறுபங்கு வைத்திருந்தவர்களும் குளங்களில் கூலிவேலை செய்தவர்களும் நடுத்தெருவில் நின்றனர்.

கூட்டுறவு என்ற சொல் மட்டும் மீனவனைக் காப்பாற்றாது என்பதே கொல்லேறு தரும் பாடம். உள்குத்தகையைத் தடுக்கும் விதியும், அந்த விதியைக் காக்கும் விழிப்புள்ள உறுப்பினர்களும் இல்லாத கூட்டுறவு, மூலதனம் உள்ளே நுழைவதற்கான பின்வாசலாகவே முடியும்.

ஒடிசாவின் சிலிகா ஏரியில் அடைப்பு வலையாலும் மண்கரையாலும் வந்தது. அங்கு 'கேரி' என்று அழைக்கப்படும் இறால் அடைப்புகள் மரபுவழி மீன்பிடி இடங்களை விழுங்கின. 1990களின் தொடக்கத்தில் பெருந்தொழில் குழுமம் ஒன்றின் கூட்டு இறால் திட்டத்தை எதிர்த்து எழுந்த சிலிகா பாதுகாப்பு இயக்கம் அத்திட்டத்தைக் கைவிடச் செய்தது. 1996 டிசம்பரில், தமிழ்நாட்டின் சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலிகாவின் ஓரத்திலும் அத்தகைய பண்ணைகளுக்குத் தடை விதித்தது. ஆயினும் கேரிகள் ஒழியவில்லை. 1999 மே மாதம் சோரானா கிராமத்தில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். தீர்ப்பைச் செயல்படுத்தக் கோரிய மீனவ மக்களின் மீதே தோட்டா பாய்ந்தது.

எல்லை கடந்த அனுபவம்

உலகில் வலையடைப்பின் மிகப்பெரிய சோதனைக்களம் பிலிப்பைன்ஸின் லகுனா டி பே. மணிலாவை ஒட்டிய இந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 90,000 ஹெக்டேர். 1970களின் தொடக்கத்தில் சிறு மீனவர்களின் வருவாயைப் பெருக்குவதற்கென்று அங்கு அடைப்பு முறை அறிமுகப்படுத்தப்பட்டது. மார்க்கோஸின் ஆட்சியில் நகரத்து முதலாளிகளும் அதிகாரிகளின் நெருக்கத்தினரும் ஏரிக்கு வந்து சேர்ந்தனர். 1983 அளவில் 30,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நீர்ப்பரப்பு, அதாவது ஏரியின் மூன்றில் ஒரு பங்கு, அடைப்புகளுக்குள் போயிற்று. சிறு படகுகள் செல்ல வழியில்லை, மீன்பிடிக்க இடமில்லை. ஆயுதம் தாங்கிய காவலர்களுக்கும் மீனவர்களுக்கும் இடையே மோதல்கள் வெடித்தன. கூட்டம் பெருகியதால் இயற்கை உணவு குறைந்து அடைப்பு மீனின் வளர்ச்சியும் மந்தமாயிற்று. 2016இல் அந்நாட்டின் அதிபர் ஏரியைச் சிறு மீனவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. சீனாவும் தாய்ஹு ஏரியில் பெருகிய அடைப்புகளை, நீர் மாசைக் காரணம் காட்டி அகற்றியது. எல்லையில்லாமல் பெருகும் அடைப்பு மீனவனையும் கெடுக்கும், மீனையும் கெடுக்கும், நீரையும் கெடுக்கும்.

மணிப்பூரின் லோக்டாக் ஏரி இதற்கு நேர்மாறான அநீதியைக் காட்டுகிறது. அங்கு மிதக்கும் தாவரத் திட்டுகளை வளையமாகக் கட்டி, 'அதாபும்' என்ற அடைப்புகளில் மீன் வளர்த்தவர்கள் ஏழை மீனவர்களே. 1983இல் நீர்மின் திட்டத்திற்காகக் கட்டப்பட்ட இதாய் தடுப்பணை ஏரியின் இயல்பான ஏற்றவற்றத்தை நிறுத்தியது. ஏரியின் கேட்டிற்கு அது பெரும் காரணம். ஆனால் 2006ஆம் ஆண்டின் லோக்டாக் பாதுகாப்புச் சட்டம் மீனவரின் அடைப்பையும் குடிசையையும் குறிவைத்தது. 2011 நவம்பரில் மிதவைத் திட்டுகளின் மீதிருந்த நூற்றுக்கணக்கான குடிசைகள் எரிக்கப்பட்டன. சுற்றுச்சூழல் பாதுகாப்பின் பெயரால் வலிமையற்றவனை மட்டும் தண்டிப்பது ஆளும் வர்க்கத்தின் வழக்கம். ஆகவே அடைப்பு என்றாலே எதிர்ப்பு என்ற நிலைப்பாடும் இடதுசாரிகளுக்கு உரியதன்று.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதி முதல் இங்கிலாந்தில் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு உழவர்கள் விரட்டப்பட்ட வரலாற்றை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் விரித்துரைத்திருக்கிறார். முதலாளித்துவத்தின் ஆதித் திரட்டல் என்று அதற்குப் பெயரிட்டார். நிலத்தில் அன்று நட்ட வேலி இன்று நீரில் நடப்படுகிறது. மூங்கில் கழி ஒன்றுதான். அதை நடுபவன் யார், அடைபடுவது மீன்குஞ்சா மீனவனா என்பதைப் பொறுத்தே அதன் வர்க்கத்தன்மை தீர்மானிக்கப்படுகிறது.

மூன்று லட்சம் ரூபாய்க் கூண்டு

ஒன்றிய அரசு 2020இல் 20,050 கோடி ரூபாய் மதிப்பில் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தை அறிவித்தது. நீர்த்தேக்கங்களில் மிதவைக் கூண்டு அமைப்பதும் திறந்த நீர்நிலைகளில் வலையடைப்பு அமைப்பதும் அதில் அடங்கும். ஒரு கூண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. பொதுப்பிரிவுப் பயனாளிக்கு அரசு தருவது 40 விழுக்காடு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடு. கணக்கு எளிது: பொதுப்பிரிவில் வரும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மீனவர் ஒரு கூண்டுக்குத் தன் பங்காக 1,80,000 ரூபாய் கட்ட வேண்டும், ஒரு மீனவப் பெண் 1,20,000 ரூபாய் கட்ட வேண்டும். ஒற்றைக் கூண்டு பயன் தராது. வரிசையாகப் பல கூண்டுகள் வேண்டும். தீவனச் செலவு தனி. தெலங்கானாவின் மீனவர்களில் பெரும்பான்மையோரான முதிராஜ், கங்கபுத்திர, பெஸ்தா சாதிகளைச் சேர்ந்த உழைப்பாளிகளால் இந்தத் தொகையைப் புரட்ட முடியுமா? முடியாதபோது அந்த இடத்தில் யார் வந்து அமர்வார்கள்?

விடை ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிகிறது. ராஜன்னா சிரிசில்லா மாவட்டத்தின் மிட் மானேர் நீர்த்தேக்கத்தில் 1,000 கோடி ரூபாய் தனியார் முதலீட்டில் மீன்வளர்ப்புத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்த நீர்த்தேக்கத்திற்காக ஊரையும் நிலத்தையும் இழந்தவர்கள் அப்பகுதி மக்கள். மக்கள் வரிப்பணத்தில் கட்டப்பட்ட அணையின் நீர்ப்பரப்பு, பெருமூலதனத்திற்கான பண்ணையாக மாற்றப்படுவதை வளர்ச்சி என்று கொண்டாடுகிறார்கள். ஆட்சி மாறினாலும் இந்தக் கொள்கை மாறுவதில்லை. தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் தலைமையகம் ஐதராபாத்திலேயே மீன் வடிவக் கட்டடத்தில் இயங்குகிறது. அந்தக் கட்டடத்தைச் சுற்றியுள்ள ஏரிகளின் மீனவனுக்கு அதன் கதவு எளிதில் திறப்பதில்லை.

கூண்டுக்கு மாறாக வலையடைப்பு செலவு குறைந்தது. உள்ளூர்ப் பொருளால் ஆவது. சங்கத்தின் கூட்டுழைப்புக்கு ஏற்றது. சந்தைக்கான மீனை அடைத்து வளர்ப்பதைவிட, ஏரிக்கு விடவேண்டிய குஞ்சை அடைத்து வளர்ப்பதே பொதுநலனுக்கு உகந்தது. ஏனெனில் அடைப்பு இரண்டு மூன்று மாதங்களில் திறக்கப்படுகிறது. மீன் பொது ஏரிக்குச் செல்கிறது. அதைப் பிடிக்கும் உரிமை சங்க உறுப்பினர் அனைவருக்கும் கிடைக்கிறது. அடைப்பு நிலைத்து நின்றால் அது தனியுடைமைக்கு விதையாகிறது.

ராமச்சந்திராபுரத்தின் நீர்

இந்த விவாதத்தைத் தோழர்கள் வாழும் இடத்திற்குக் கொண்டுவருவோமானால், முதலில் எதிர்ப்படுவது வலையன்று, நீர். 1960களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை அமைந்த பிறகு தொழிலாளர் நகரமாக வளர்ந்தது ராமச்சந்திராபுரம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே வேரூன்றிய குடும்பங்களும் உண்டு. 2007இல் இது ஐதராபாத் பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இங்குள்ள ராயசமுத்திரம் ஏரி, அருகேயுள்ள அமீன்பூர், கண்டிகூடம் ஏரிகள் எனச் சங்கிலித்தொடராய் அமைந்த நீர்நிலைகள் ஒருகாலத்தில் வயலுக்குப் பாசனமும் மீனவனுக்கு வாழ்வும் தந்தவை. அமீன்பூர் ஏரி 2016இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

1970களில் உருவான படான்செரு தொழிற்பேட்டையும் அதைத் தொடர்ந்த பொல்லாரம் பேட்டையும் இந்தத் தொடரின் விதியை மாற்றின. நக்கவாகு ஓடை வழியாக ரசாயனக் கழிவு மஞ்சீரா ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. 1990இல் உச்சநீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு பத்தாண்டுக்கு மேல் அங்கேயே நீடித்துப் பின் உயர்நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. 2007இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் படான்செருவின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரைச் சோதித்தபோது, லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபுளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்திருந்ததைக் கண்டறிந்தனர். சுத்திகரித்து வெளியேற்றிய நீரின் நிலையே அது. கண்டிகூடம் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தது ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று. மழை வலுக்கும் இரவுகளில் வெள்ளத்தோடு வெள்ளமாகக் கழிவும் திறந்துவிடப்படுகிறது என்பது இப்பகுதி மக்களின் நெடுநாளைய குற்றச்சாட்டு. வீட்டுச் சாக்கடையும் சேர்ந்துகொள்ள, விடியற்காலையில் நீரில் ஆக்சிஜன் அற்றுப்போகிறது.

இத்தகைய நீரில் வலையடைப்பு அமைப்பது மீனுக்குச் சிறை அமைப்பதாகும். திறந்த ஏரியில் நஞ்சு ஒருபுறம் புகுந்தால் மீன் மறுபுறம் ஓடித் தப்பலாம். அடைப்பில் உள்ள மீனுக்கு ஓடவும் வழியில்லை. ஓரிரவில் ஒரு சங்கத்தின் ஆண்டு முழுவதற்குமான உழைப்பு வெள்ளைத் துகளாகக் கரை ஒதுங்கும். பிழைத்த மீனை விற்பதும் அறமாகாது. அதை வாங்கி உண்பவர்கள் தொழிலாளர் குடியிருப்புகளின் மக்களே. மீன் கூடை சுமக்கும் பெண்களே வாடிக்கையாளரின் பழிச்சொல்லுக்கும் ஆளாகிறார்கள். ஆலை உரிமையாளரை எவரும் சந்தையில் சந்திப்பதில்லை. எனவே நீரைச் சோதிக்காமல் அடைப்புக்கு மானியம் என்பது மீனவனை ஏமாற்றும் வேலை.

அதற்காகத் தொழில்நகரத்தின் ஏரிகளைக் கைகழுவிவிடலாகாது. கொல்கத்தாவின் கார்டன் ரீச் தொழிற்பகுதியில், துறைமுகப் பொறுப்புக்கழகத்தின் சதுப்பு நிலத்தைக் குத்தகைக்குப் பெற்ற முதியாலி மீனவர் கூட்டுறவுச் சங்கம், ஆலைக் கழிவு கலந்த நீரைச் சுண்ணாம்பும் நீர்த்தாவரங்களும் கொண்டு படிப்படியாகத் தூய்மையாக்கி, மரம் நட்டுப் பூங்காவாக்கி மீன் வளர்த்தது. அந்த நிலத்தைத் திரும்ப எடுக்க நடந்த முயற்சிகளையும் அது எதிர்கொண்டது. படான்செருவின் மருந்து நஞ்சுக்கு அதே முறை போதும் என்று சொல்ல முடியாது. எனினும், தன் வாழ்வு நீரோடு பிணைந்திருக்கும் மீனவனே நீரின் முதற்காவலன் என்பதை முதியாலி மெய்ப்பித்தது. 2024இல் ஐதராபாத் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 'ஹைட்ரா' அமைப்பை ஏற்படுத்திய அரசு, இடிப்பு இயந்திரத்தைக் காட்டிய அளவிற்கு மீனவர் சங்கத்தைக் காவலராக்கும் வழியைக் காட்டவில்லை.

கோரிக்கைகளும் கடமைகளும்

இந்த அனுபவங்களின் அடிப்படையில் கட்சி முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

முதலாவதாக, இலவச மீன்குஞ்சுத் திட்டத்தில் ஒப்பந்ததாரர் முறை படிப்படியாக ஒழிக்கப்பட வேண்டும். அரசுப் பண்ணைகள் நுண்மீன் குஞ்சுகளை உரிய காலத்தில் சங்கங்களுக்கு வழங்க வேண்டும்; அவற்றை வலையடைப்பில் வளர்ப்பதற்கான வலை, மூங்கில், தீவனம், காவல் கூலி ஆகியவற்றை, இன்று ஒப்பந்ததாரருக்குச் செல்லும் நிதியிலிருந்து சங்கங்களுக்கே தர வேண்டும். ஏழை மீனவரிடம் பங்குத்தொகை கேட்பது கைவிடப்பட வேண்டும்.

இரண்டாவதாக, அடைப்பு அமைக்கும் உரிமை அந்தந்த ஏரியின் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திற்கு மட்டுமே உரியதாக வேண்டும். உள்குத்தகையும் பினாமியும் கண்டறியப்பட்டால் உரிமை மாற்றப்பட்டு, உண்மையாக மீன் பிடிக்கும் உறுப்பினர்களிடம் சேர்க்கப்பட வேண்டும். ஒவ்வோர் ஏரியிலும் அடைப்புக்கு உரிய பரப்பின் உச்சவரம்பு முன்கூட்டியே வகுக்கப்பட்டு, படகுவழியும் பாசன மதகும் வெள்ள வடிகாலும் தடையின்றி இருப்பது உறுதிசெய்யப்பட வேண்டும்.

மூன்றாவதாக, நீர்த்தேக்கங்களைப் பெருநிறுவனங்களுக்குத் தாரைவார்க்கும் திட்டங்கள் கைவிடப்பட வேண்டும். அணைகளால் வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அந்த நீரின் மீன் உரிமையில் முதலிடம் தரப்பட வேண்டும்.

நான்காவதாக, படான்செரு, பொல்லாரம் தொழிற்பேட்டைகளின் கீழ்ப்புறத்து ஏரிகளின் நீரும் மீனும் முறையாகச் சோதிக்கப்பட்டு, முடிவுகள் ஏரிக்கரையிலேயே தெலுங்கில் எழுதிவைக்கப்பட வேண்டும். மீன் இறப்பு நேர்ந்தால் கழிவை வெளியேற்றிய ஆலையிடமிருந்து இழப்பீடு பெற்றுச் சங்கத்திற்கு வழங்க வேண்டும். படான்செருவின் விவசாயிகளுக்கு நீதிமன்றத்தின் மூலம் கிடைத்த இழப்பீட்டு உரிமை மீனவருக்கும் உண்டு.

ஐந்தாவதாக, மீனை விற்கும் பெண்களுக்குச் சங்கத்தில் முழு உறுப்புரிமை வேண்டும். பிடிப்பதில் மட்டுமின்றி விற்பதிலும் கூட்டுறவு வேரூன்றினால்தான் இடைத்தரகரின் பிடி தளரும்.

இவை மீனவர் மட்டும் போராடிப் பெறக்கூடியவை அல்ல. முதிராஜ், கங்கபுத்திர சாதிகளுக்கிடையே சங்க உறுப்புரிமை பற்றிய சச்சரவை மூட்டி, இரு தரப்பையும் வாக்குவங்கியாக்கும் கட்சிகள், ஏரி கைமாறும்போது இரு தரப்பையும் கைவிடும். சாதிப் பிளவைக் கடந்து மீனவரை வர்க்கமாகத் திரட்டுவது கட்சியின் பணி. ஆலைத் தொழிலாளருக்கும் மீனவருக்கும் இடையே 'வேலையா, நீரா' என்ற பொய்ப் பகையை முதலாளிகள் திட்டமிட்டு வளர்க்கிறார்கள். கழிவைச் சுத்திகரிக்கும் செலவை மிச்சம் பிடிப்பவன்தான் தொழிலாளியின் பாதுகாப்புக் கவசத்திலும் ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியிலும் மிச்சம் பிடிக்கிறான். எந்தக் கழிவு எந்த இரவில் எந்தக் குழாய் வழியாக வெளியேறுகிறது என்பது ஆலைக்குள் உழைப்பவனுக்கே தெரியும். அதன் விளைவு ஏரிக்கரையில் நிற்பவனுக்கே தெரியும். இந்த இரு அறிவுகளும் ஒன்றுசேரும் இடத்தில்தான் நஞ்சைத் தடுக்கும் வலிமை பிறக்கும்.

ராமச்சந்திராபுரத்தின் கட்சிக் கிளைகளும் தொழிற்சங்கத் தோழர்களும் வரும் மழைக்காலத்தில் தங்கள் பகுதி ஏரிகளின் மீனவர் சங்கங்களைச் சந்திக்க வேண்டும். வரும் குஞ்சுகளின் அளவும் எண்ணிக்கையும் தேதியும் கரையிலேயே பதிவு செய்யப்படுவதற்குத் துணைநிற்க வேண்டும். நீர் தூய்மையாக உள்ள ஓர் ஏரியிலாவது சங்கமே நடத்தும் ஒரு வலையடைப்பு உருவாவதற்கு மீன்வளத் துறையை நிர்ப்பந்திக்க வேண்டும். மூங்கிலும் வலையும் மீனவரின் கையில் இருக்கும்போது அடைப்பு ஏரியின் வளத்தைப் பெருக்கும். அது மூலதனத்தின் கைக்குப் போகும் முன்பே தலையிடுவது இன்றைய கடமை.